ஓர் அளவீட்டின் மாறிகளை மற்றோர் அளவீட்டிற்குக் கொணர்தல்

மக்களை எண்ணிக் கணக்கெழுதும் வழக்கம் இத்தீவிற்குப் புதியதன்று. இலங்கை முழுமைக்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. 1901 ஆம் ஆண்டு மதிப்பிற்கு அத்தியட்சகராய் அமர்ந்து அதன் அறிக்கையை எழுதி வெளியிட்டவர், மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் உதித்த பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் என்பதை நம் பழைய மாணவர் பலரும் அறிவர். அவர் காலத்திற் கணக்கெடுப்போர் கடதாசியிலே மை கொண்டு எழுதினர். 2024 ஆம் ஆண்டு மதிப்பிலோ கைக்கணினி ஏந்தி வீடுவீடாகச் சென்றனர். கருவி மாறிற்று. ஆயினும், முன்னொரு கணக்கில் எதனை எவ்வாறு வினவினோம், விடைகளை எவ்வாறு வகுத்தோம் என்பதை அடுத்த கணக்கிற்குக் கொண்டுவரும் வேலை அன்று போல இன்றும் இருக்கின்றது. முன்னர் அது எழுதுவினைஞரின் கையில் இருந்தது. இன்று மென்பொருளின் ஒரு பொத்தானில் அடங்கிவிட்டது. பொத்தானை அழுத்துதல் எளிது. அழுத்தியபின் வந்து சேர்ந்தது யாது, வாராது நின்றது யாது என்று அறிதல் அத்துணை எளிதன்று. அதனைச் சிறிது விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இப்பொருளைக் கல்லூரியின் விழா மலரில் எழுதுவானேன் என வாசகர் வினவலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இப்பொழுது அளவீடு எடாதார் அரியர். பல்கலைக்கழக மாணவர் தம் ஆய்வுக்காக எடுக்கின்றனர். கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கின்றனர். தொண்டு நிறுவனத்தார் மீள்குடியேறியோரிடம் எடுக்கின்றனர். ஆலய பரிபாலன சபையாரும் ஊர்க்கணக்கு எடுக்கின்றனர். ஒரே வீட்டுப் படலையைப் பலர் வந்து தட்டி, ஒரே வினாவைச் சற்றே வேறாக்கிக் கேட்டுச் செல்கின்றனர். வீட்டுக்காரர் சலிப்பின்றி விடை கூறுகின்றனர். ஆனால் அக்கணக்குக்களை ஒன்றோடொன்று வைத்து நோக்கினால் அவை பொருந்துவதில்லை. விடை கூறியவர் அளித்த நேரம் அவ்வளவும் இதனால் வீணாகின்றது. இக்குறையைப் போக்க வல்ல வழிகளில் முதன்மையானது, ஒரு செயற்றிட்டத்தில் நன்கு வகுத்த மாறிகளை மற்றொரு செயற்றிட்டத்திற்கு ஒழுங்காகக் கொணர்தலேயாம்.

மாறி என்றவுடன் நம் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிய எக்ஸ், வை என்பன நினைவிற்கு வரும். அளவீட்டில் மாறி என்பது ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு வேறுபடத்தக்க ஒரு செய்தி. வயது ஒரு மாறி. கல்வித் தராதரம் ஒரு மாறி. கிணறு உண்டா இல்லையா என்பதும் ஒரு மாறி. தரவு அட்டவணையிலே ஆளுக்கு ஒரு நிரையும் மாறிக்கு ஒரு நிரலும் அமையும். எனினும் நிரலின் தலையில் எழுதிய பெயர் மாத்திரம் மாறி ஆகிவிடாது. அம்மாறிக்கு ஒரு குறும்பெயர் உண்டு. அதனை விளக்கும் நெடும்பெயர் உண்டு. கேட்கப்பட்ட வினாவின் சொற்கள் உண்டு. எண்ணா எழுத்தா என்னும் இயல்பு உண்டு. தசம தானங்கள் இத்தனை என்னும் வரையறை உண்டு. 1 என்றால் ஆண், 2 என்றால் பெண் என்றாற்போன்ற குறியெண் பட்டியல் உண்டு. விடை கிடையாதவிடத்து எழுதும் எண் உண்டு. அவ்வினா யாரிடம் கேட்கப்பட வேண்டியது என்னும் எல்லை உண்டு. இவையனைத்தும் சேர்ந்ததே ஒரு மாறி. ஒரு மரத்தைப் பெயர்த்து நடுபவன் ஆணிவேரையும் தாய்மண்ணையும் விட்டுக் கொப்பை மாத்திரம் கொண்டுபோனால் யாது நிகழுமோ, பெயரை மாத்திரம் கொணர்ந்த மாறிக்கும் அதுவே நிகழும்.

இவ்வுறுப்புக்களை ஒருமுறை எழுதிவைத்து, பின்வரும் செயற்றிட்டங்கள் பலவற்றிற்கும் பயன்படுமாறு அமைத்த சட்டகத்தையே வார்ப்புரு என்கின்றனர். அளவீட்டு மென்பொருள்கள் பலவற்றிலும் இதற்கு இடமுண்டு. 1968 ஆம் ஆண்டில் தோன்றிய எஸ்.பி.எஸ்.எஸ்., ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்புப் பணியகம் உருவாக்கிய சீ.எஸ்.புரோ, தொண்டு நிறுவனங்கள் பெரிதும் கையாளும் கோபோ டூல்பாக்ஸ் ஆகியன இவ்வகையின. பழைய செயற்றிட்டத்தைத் திறந்து, வேண்டிய மாறிகளைத் தெரிந்து, புதியதற்குக் கொணரலாம். வருவது மாறியின் வரைவிலக்கணமே. பழைய விடைகள் அதனோடு வாரா. இதனை முதலில் மனத்திற் பதித்தல் வேண்டும். பழைய வீடொன்றின் வரைபடத்தை வாங்கிப் புதுவீடு கட்டுவார்க்கு அப்பழைய வீட்டின் நெல்லும் பாத்திரமும் கிடையா.

இனி, கொணரும்போது இடறும் இடங்களை நம்மூர்ச் செய்திகளைக் கொண்டே காண்போம். காணியிலிருந்து தொடங்குதல் பொருத்தம். யாழ்ப்பாணத்தவர்க்குக் காணியிற் பெரிய பொருள் யாதுளது?

தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் காணியை ஏக்கர், றூட், பேர்ச் எனக் கணிப்பர். 40 பேர்ச் ஒரு றூட். 4 றூட் ஓர் ஏக்கர். நம் குடாநாட்டிலோ பரப்பு, குழி என்பனவே வழக்கு. இவற்றிலும் இருவகை உண்டு. வரகு விதைப்புக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைப்புக் கணக்கில் 12 குழி ஒரு பரப்பு. 24 பரப்பு ஓர் ஏக்கர். எவ்வழியிற் பெருக்கினும் ஏக்கருக்கு 288 குழியே வருதலைக் காண்க. முன்னோர் கணக்கிற் பிழையில்லை. ஆயின் பரப்பு என்னும் ஒரே சொல் இரண்டு அளவுகளைக் குறிக்கின்றது. மேட்டுநிலத்துப் பரப்பு 10 பேர்ச்; வயல்நிலத்துப் பரப்பு அதன் மூன்றில் இரண்டு பங்கே.

தோட்டச் செய்கை பற்றிய அளவீடொன்றிற்கென வகுத்த 'காணியின் பரப்பு' என்னும் மாறியை வயற்செய்கை அளவீடொன்றிற்குக் கொணர்கின்றோம் எனக் கொள்க. அதனோடு 16 ஆல் வகுக்கும் சூத்திரமும் வந்துவிடும். 12 பரப்பு வயலுடைய கமக்காரரின் நிலம் உண்மையில் அரை ஏக்கர். கணினி அதனை முக்கால் ஏக்கர் என எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு வயலும் அரைப்பங்கு அதிகமாகக் காட்டப்படும். விளைவை அப்பரப்பால் வகுத்து ஏக்கருக்கு இத்தனை புசல் என்று கூறும்போது, நம்மூர் வயல்கள் உள்ளதிலும் மலடாகத் தோன்றும். பசளை மானியமும் நட்டஈடும் அக்கணக்கை நம்பி வழங்கப்படுமாயின் இழப்பு யாருடையது என்பதைக் கூற வேண்டியதில்லை.

மற்றொரு வகையான இடறும் உண்டு. மலைநாட்டு அளவீடொன்றில் ஏக்கர் என்னும் மாறிக்குத் தசம தானம் இன்றி முழுவெண் மாத்திரம் அனுமதித்திருப்பர். றூட்டையும் பேர்ச்சையும் வேறு நிரல்களில் எழுதுவர். ஏக்கர் நிரலை மாத்திரம் இங்கே கொணர்ந்தால், 4 பரப்பில் வெங்காயம் செய்பவரின் கால் ஏக்கர் பூச்சியமாகிவிடும். அவர் காணியற்றவர் பட்டியலிற் சேர்ந்துவிடுவார். உறுதியும் தோம்பும் வைத்திருப்பவரைக் கணினி ஒரு நொடியிற் காணியற்றவராக்கும் விந்தை இது. ஆதலின் அளவை மாறி எதனைக் கொணர்ந்தாலும் அலகு யாது, தசம தானம் எத்தனை, நிலத்தின் வகை யாது என்னும் மூன்றையும் உடன் கொணர்தல் வேண்டும். நில வகையைத் தனி மாறியாக்கிக் கேட்டல் அதனினும் நன்று.

அடுத்தது இடம். இது காணியினும் ஆழமான பொருள். யாழ்ப்பாணம் என்று எழுதியவுடன் எல்லார்க்கும் விளங்கிவிட்டது என எண்ணுகின்றோம். யாழ்ப்பாணக் குடாநாடு ஒன்று; யாழ்ப்பாண நிருவாக மாவட்டம் ஒன்று; யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் ஒன்று. பளையை உள்ளடக்கிய பச்சிலைப்பள்ளி குடாநாட்டின் நிலத்தொடர்ச்சியில் உள்ளது. நிருவாகத்தால் அது கிளிநொச்சி மாவட்டத்தின் பாற்பட்டது. தீவகம் குடாநாட்டின் நிலத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் யாழ்ப்பாண மாவட்டத்தினது. தேர்தல் மாவட்டமோ யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிருவாக மாவட்டங்களையும் தழுவியது. இம்மூன்றனுள் எதனைக் கருதி மாறியை வகுத்தார் என்பதை அறியாமல் 'யாழ்ப்பாணம்' என்னும் குறியெண்ணைக் கொணர்தல் ஆகாது.

இதிற் காலமும் குறுக்கிடுகின்றது. கிளிநொச்சி மாவட்டம் 1984 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எடுத்த குடிசன மதிப்பின்படி அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 830,552. அதன்பின் 2001 ஆம் ஆண்டு மதிப்பு போர் காரணமாக 18 மாவட்டங்களில் மாத்திரமே நிறைவுற்றது. நம் மாவட்டத்தில் முழுமையான மதிப்பு 2012 இலேயே நடைபெற்றது. இடையில் 31 ஆண்டுகள் வெறுமை. 2012 இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 583,882.

இவ்விரண்டு எண்களையும் ஒரே மாறியின் கீழ் எழுதிக் கழித்துப் பார்ப்பவர், 246,670 பேர் குறைந்தனர் என்பார். இத்தகைய கழித்தலைச் செய்துவிட்டு மேடையேறுவாரும் உளர். 1981 இன் 830,552 பேரில் 91,764 பேர் பின்னர் கிளிநொச்சி மாவட்டமாகிய நிலப்பகுதியில் வாழ்ந்தவர். அவர்களை நீக்கினால், இன்றைய எல்லைப்படி 1981 இன் யாழ்ப்பாண மாவட்டத்திற்கு 738,788 என்பதே பொருந்தும் எண். அதனோடு 2012 ஐ ஒப்பிடின் குறைவு 154,906. இரு விடைகளுக்கும் இடையிலுள்ள 91,764 பேர் யாண்டும் போய்விடவில்லை. எல்லைக்கோடு ஒன்று அவர்களைக் கடந்து சென்றது. மாவட்டம் என்னும் மாறியின் பெயர் அதுவே. குறியெண்ணும் அதுவே ஆகலாம். அஃது அடக்கிய நிலமே வேறு.

குறைந்தது என்று கண்ட 154,906 என்னும் எண்ணும் முடிந்த கணக்கன்று. 31 ஆண்டுகளிற் பிறந்தோரும் வந்தோரும் அதற்குள் உளர். மாண்டோரும், கடல் கடந்தோரும், கொழும்பிற் குடியேறியோரும் உளர். போர் நமக்குச் செய்ததை அளந்து கூற விரும்புவார் முதலிற் செய்ய வேண்டியது எல்லையை ஒழுங்குபடுத்தலே. மிகைப்படுத்திய எண் ஒன்றை எதிராளி ஒருவன் தவறென நிறுவிவிட்டால், அதன்பின் நாம் கூறும் உண்மையையும் உலகம் கேளாது.

இன்றைய அரச புள்ளிவிவரக் குறியீட்டில் வட மாகாணத்து மாவட்டங்கள் 41 முதல் 45 வரையான எண்களைப் பெற்றுள்ளன. யாழ்ப்பாணம் 41, கிளிநொச்சி வரிசையின் இறுதியில் 45. பழைய தரவிற்கு இக்குறியீட்டைக் கொணர்பவர் 1981 இன் யாழ்ப்பாணத்திற்கு 41 என்று வாளா எழுதிவிடல் ஆகாது. '1984 க்கு முந்திய எல்லை' என்னும் குறிப்புடன் தனியெண் கொடுத்தல் வேண்டும், அன்றேல் பிரதேச அளவிற் பிரித்து 41, 45 என இரண்டாக்குதல் வேண்டும். கிராம அலுவலர் பிரிவுக் குறியீட்டிலும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. நம் மாவட்டத்தின் 435 பிரிவுகளும் 'ஜே' என்னும் ஆங்கில எழுத்துடன் கூடிய இலக்கங்களை உடையன. அம்மாறியை எண் என வகுத்த வார்ப்புருவிற் கொணர்ந்தால் எழுத்து நிற்க இடமின்றித் தடைப்படும். சிலர் எழுத்தை நீக்கி எண்ணை மாத்திரம் பதிவர். அப்பொழுது முன்னிற்கும் பூச்சியங்களும் ஒழிந்து, பிற மாவட்டப் பிரிவுகளோடு மயங்கும் நிலை வரும். இடக்குறியீடு பார்வைக்கு எண் போன்றிருப்பினும் அதனைக் கூட்டுவாரும் சராசரி காண்பாரும் இல்லை. எழுத்து மாறியாகவே வைத்துக்கொள்க.

வகைப் பட்டியல்களைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. ஒரு விதியை அறிந்தாற் போதும். நுணுக்கமாக வகுத்ததைப் பின்னர் ஒன்றாக்கலாம். ஒன்றாக வகுத்ததைப் பின்னர் பிரிக்க இயலாது. 1901 ஆம் ஆண்டு வரையான மதிப்புக்களில் தமிழர் என்பது ஒரே வகை. 1911 இலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பிரித்தனர். 1911 இன் இரு வகைகளையும் கூட்டி 1901 உடன் ஒப்பிடலாம். 1901 இன் ஒரு வகையைப் பிளந்து 1911 உடன் ஒப்பிட அட்டவணையில் வழியில்லை. 2012 ஆம் ஆண்டு மதிப்பில் இலங்கைச் செட்டிகளும் பரதரும் தனி வகையாக இடம்பெற்றனர். 1981 இன் பட்டியலை வார்ப்புருவாகக் கொண்டு இன்று அளவீடு எடுப்பார் அவர்களை 'ஏனையோர்' என்னும் கோடியில் நிறுத்திவிடுவர்.

இதனினும் கொடிய நிலை ஒன்றுண்டு. 2006/07 இல் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார அளவீடு வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் நீக்கி 20 மாவட்டங்களிலேயே எடுக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டு அளவீடு 25 மாவட்டங்களையும் தழுவிற்று. எடுத்த இடங்களை மாத்திரம் கொண்ட மாவட்டப் பட்டியலை அடுத்த செயற்றிட்டத்திற்கு அப்படியே கொணர்பவரின் படிவத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்பவற்றிற்கு எண்ணே இராது. அவரிடம் தீயெண்ணம் இருக்க வேண்டியதில்லை; பட்டியலைப் பாராதிருந்தாற் போதும். இன்னொன்று: அந்த அளவீடுகளின் பல வினாக்கள் மணமான அல்லது ஒருகால் மணமாகியிருந்த, 15 முதல் 49 வயதுவரையான பெண்களிடம் கேட்கப்பட்டவை. அவ்வினாக்களின் மாறியை எல்லாப் பெண்களும் அடங்கிய அளவீட்டிற்குக் கொணரும்போது இவ்வெல்லையும் வரல் வேண்டும். வாராதுவிடின் நூற்றுவீதத்தின் கீழெண் பெருகும். மேலே உள்ள வீதம் தானாகவே குறையும். ஊரின் நிலை திருந்திற்று என்றோ கெட்டது என்றோ பொய்ச்செய்தி பிறக்கும்.

கல்வித் தராதரம் நம் பழைய மாணவர்க்கு உவப்பான மாறி. எஸ்.எஸ்.சி. எழுதியோர் ஒரு தலைமுறை, ஜீ.சி.ஈ. சாதாரண தரம் எழுதியோர் அடுத்த தலைமுறை. 1970 களின் நடுப்பகுதியிற் சில ஆண்டுகள் தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரம் எழுதியோரும் நம்மிடையே உளர். இன்றைய அளவீட்டுப் படிவத்தில் சாதாரண தரம், உயர்தரம் என்னும் இரண்டே இருக்கும். எண்பது வயதுப் பெரியார் ஒருவர், "தம்பி, நான் எஸ்.எஸ்.சி. தேறினனான்" என்றால், கைக்கணினி ஏந்திய இளைஞர் திகைத்து 'ஏனையவை' என்பதைத் தொடுவார். அப்பெரியார் எழுதிய ஆங்கிலத்தை அவ்விளைஞர் இன்று எழுதமாட்டார் என்பது வேறு கதை. பழைய தராதரங்களை அடக்கிய பட்டியலொன்றை முன்னைய அளவீட்டிலிருந்து கொணர்தல் இங்கே பெரும்பயன் தரும். கொணர்தல் எப்பொழுதும் தீங்கு என்பது எம் கருத்தன்று. தக்கதைக் கொணராமையும் தீங்கே.

வினாவின் மொழி பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் வகுத்த மாறியின் தமிழ்ச் சொற்களைத் திட்டத்துக்குத் திட்டம் புதிதாக மொழிபெயர்ப்பது வீண்வேலை மாத்திரமன்று, கேடுமாகும். குடிசன மதிப்பிலே வீட்டுத்துறை என்பது உண்ணும் ஏற்பாட்டைப் பொதுவாகக் கொண்டு சேர்ந்து வாழ்வோரைக் குறிக்கும். அதனைக் 'குடும்பம்' எனத் தமிழாக்கினால், ஒரே வளவிற் சீதன வீட்டில் வேறாக உலை வைக்கும் மகளையும் மருமகனையும் தாயார் தம் குடும்பத்திற் சேர்த்தே கூறுவார். அவர் கூறுவது உண்மை. வினாவே பிழைத்தது. கள அனுபவத்திலே திருந்திய தமிழ் வினாவை மாறியோடு கூடவே கொணர்தல் வேண்டும்.

மென்பொருள்கள் கொணரும் முறையிற் சில வேறுபாடுகளை அறிந்திருத்தல் நன்று. எஸ்.பி.எஸ்.எஸ். இலே மற்றொரு கோப்பின் அகராதியைப் பொருத்தும் கட்டளை ஒன்றுண்டு. அது பெயரும் இயல்பும் ஒத்த மாறிகளையே இனங்கண்டு, விளக்கப்பெயர், குறியெண் பட்டியல், விடுபட்ட பெறுமானம் என்பவற்றைப் படியெடுக்கும். ஓரிடத்தில் எண்ணாகவும் மற்றோரிடத்தில் எழுத்தாகவும் உள்ள மாறிகள், பெயர் ஒன்றாயினும் பொருந்தமாட்டா. பெயர் ஒத்துப் பொருள் ஒவ்வாதவையோ தடையின்றிப் பொருந்திவிடும், ஆபத்து இங்கேதான். கோபோ போன்றவற்றில் வினாக்கள் ஒரு தாளிலும் விடைத்தெரிவுகள் மற்றொரு தாளிலும் எழுதப்படும். வினாவின் நிரையை மாத்திரம் படியெடுத்து, தெரிவுகளின் நிரைகளை மறந்தால் படிவம் இயங்காது. இது நல்ல பிழை, உடனே வெளிப்படும். தெரிவுப் பட்டியலின் பெயர் புதிய படிவத்தில் ஏற்கெனவே வேறொரு பொருளுக்கு இருந்துவிட்டால் ஆள் அறியாமற் கலந்துவிடும். தாவல் விதிகளும் அவ்வாறே. 'கிணறு இல்லை எனின் 15 ஆம் வினாவிற்குச் செல்க' என்னும் விதியோடு ஒரு மாறியைக் கொணரும்போது, அவ்விதி சுட்டும் கிணற்று வினாவும் 15 ஆம் வினாவும் புதிய படிவத்தில் உளவோ எனப் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் கைப்பட ஓர் ஏட்டில் எழுதி, பழைய பெயர், புதிய பெயர், மாற்றம், காரணம், திகதி எனப் பதிந்துகொள்வோர்க்கு ஓராண்டு கழிந்தபின் அதன் அருமை விளங்கும்.

இம்முறையை நம் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டிற் கையாளலாம் என்பது எமது எண்ணம். இந்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். கிளைக்கொரு பதிவேடு இருத்தல் இயல்பு. ஒன்றிலே 'ஆண்டு' என்பது கல்லூரியிற் சேர்ந்த ஆண்டாக இருக்கும். மற்றொன்றில் உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டு. இன்னொன்றில் கல்லூரியை விட்டகன்ற ஆண்டு. மூன்றையும் ஒரே நிரலிற் சேர்த்தால், ஒரே வாங்கில் இருந்து கற்ற இருவர் எட்டாண்டு இடைவெளியில் நிற்பர். தாய்ச்சங்கம் மூன்று மாறிகளையும் தனித்தனிப் பெயரோடு வகுத்து ஒரு வார்ப்புருவை ஆக்கிக் கொடுக்க, கிளைகள் அதனைத் தத்தம் கோப்பிற்குக் கொணர்தல் எளிது. சொந்த ஊருக்குக் கிராம அலுவலர் பிரிவுக் குறியீட்டையே கொள்ளலாம். பெயருக்கு ஒரு நிரல் போதாது. தந்தையார் பெயரை முதலெழுத்தாகக் கொள்வதும், வெளிநாட்டிற் கடைசிப் பெயராகக் கொள்வதும் இருப்பதால் இரண்டு நிரல்கள் வேண்டும்.

ஒரு மாறியிற் பெருங்கவனம் வேண்டும். அங்கத்தவரின் இன்றைய நிலை என்பது அது. பொதுவான வார்ப்புருக்களில் விடை தெரியாதவிடத்து 9 அல்லது 99 என எழுதும் வழக்கம் உண்டு. வயதில் 99 என்பது நம்மூர் முதியவர் ஒருவரின் உண்மை வயதாகவும் இருக்கக்கூடும் ஆதலின் அங்கே 999 எனக் கொள்ளுதல் நலம். நிலை என்னும் மாறியிலோ இவ்வழக்கம் அறவே பொருந்தாது. முகவரி மாறியதால் தொடர்பற்றவர் உளர், இதுவரை யாரும் விசாரித்துப் பாராதவர் உளர், காலமானவர் உளர், போர்க்காலத்திற் காணாமற் போய் இன்றுவரை வீட்டார் காத்திருப்பவரும் உளர். நால்வரையும் 9 என்னும் ஓரெண்ணின்கீழ் எழுதிவிட்டால், பின்னர் எந்த மென்பொருளும் அவர்களைப் பிரித்துத் தாராது. ஆதலின் வார்ப்புருவை ஆக்கும்போதே 'விசாரிக்கப்படவில்லை' என்பதற்கு ஓரெண், 'தொடர்பு அற்றது' என்பதற்கு ஓரெண், 'காலமானார்' என்பதற்கு ஓரெண், 'காணாமற் போனார்' என்பதற்கு ஓரெண் எனத் தனித்தனியே வகுத்து, வீட்டார் கூறிய சொல்லை அவ்வாறே எழுத ஓர் எழுத்து மாறியையும் அருகே வைத்தல் வேண்டும். கிளைகள் கொணரும்போது இப்பட்டியலை மாத்திரம் சுருக்காதிருக்குமாறு வார்ப்புருவின் முதற்குறிப்பிலேயே எழுதிவிடுதல் தகும்.